பரண் மேல் பாங்கோஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகாலுக்கு அக்கா போன் செய்தாள். அந்த நேரத்தில் எங்கள் குடும்பத்தில் போன் அடித்தால் இரண்டே காரணம்தான். சொந்தத்தில் யாராவது போயிருக்க வேண்டும். அல்லது அக்கா முதல் டம்ளர் காபியைக் குடித்து முடித்திருக்க வேண்டும்.

"டேய், அவன் பேப்பர் போடப் போறானாம்டா!"

நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். "நல்ல விஷயம்தானே அக்கா. விடியக்காலைல எழுந்து சைக்கிள் மிதிச்சா உடம்புக்கு நல்லது" என்றேன்.

"மண்டு! வேலையை விடப் போறான்டா! ராஜினாமா! கீபோர்டு வாசிக்கப் போறானாம்!"

எழுந்து உட்கார்ந்தேன்.

'அவன்' என்பது அக்காவின் ஒரே பையன். வயது இருபத்தெட்டு. பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு, மெக்கானிக்கலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லாத ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ். பக்கத்திலேயே ரூம். ரூமில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, கட்டிலைவிட விலை அதிகமான ஒரு கீபோர்டு.

"நீ போய்ப் பேசு. நீயும் ஒரு காலத்துல எதையோ டம்டம்னு தட்டிக்கிட்டுத் திரிஞ்சவன்தானே? அப்புறம் ஒழுங்கா பாங்க் பரீட்சை எழுதி உருப்படலையா? அதை எடுத்துச் சொல்லு."

உருப்பட்டதற்கு உதாரணமாக என்னை ஒருவர் சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. மறுக்க மனசு வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

*

அக்கா சொன்ன அந்த 'எதையோ' என்பது பாங்கோஸ். இரண்டு குட்டி மத்தளங்களை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு விரலால் வாசிக்க வேண்டும்.

1988 முதல் 1991 வரை, திருச்சியில் பி.காம். படித்த காலத்திலும் படித்து முடித்துச் சும்மா இருந்த காலத்திலும், நான் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தேன். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து எதையும் விட்டதில்லை. ராத்திரி கச்சேரி முடிந்து, வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே மடங்கி உட்கார்ந்து வந்தால், கையில் எழுபத்தைந்து ரூபாய் இருக்கும். வயிற்றில் ஆறிப்போன ரவா கேசரி இருக்கும்.

எல்லா ரிசப்ஷனிலும் மாப்பிள்ளைக்கு ஒரு சித்தப்பா இருப்பார். எட்டரை மணிக்கு மேடையேறி, "ஒரே ஒரு பாட்டு தம்பி" என்று மைக்கைப் பிடுங்குவார். அவர் எந்தச் சுருதியில் ஆரம்பிப்பார் என்பது அவருக்கே தெரியாது. எங்கள் கீபோர்டுக்காரர் ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு, திருவிழாவில் தொலைந்த குழந்தையைத் தேடுவது போல் அவரைத் தேடுவார். தாளம் மட்டும் என் பொறுப்பு. சித்தப்பா எங்கே போனாலும் நான் கூடவே போய்க் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். "பய விட மாட்டான்யா" என்று குழுத் தலைவர் சொல்வார். அந்தப் பாராட்டுக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்துவிட்டேன். அது மாதிரி ஒன்று பாங்க்கில் யாரும் சொல்லவில்லை.

1991-ல் பாங்க் வேலை கிடைத்தது. முதல் போஸ்டிங் ராமநாதபுரம் பக்கம். பாங்கோஸை ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

அக்கா எடுத்துச் சொல்லச் சொன்ன கதை இவ்வளவுதான்.

*

வெறுங்கையோடு போகக்கூடாது என்று இரண்டு நாள் தயார் செய்தேன். வேலையும் பார்த்து இசையிலும் பேர் வாங்கியவர்களின் பட்டியல் ஒன்றைச் சலான் பின்பக்கத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். பாங்க்காரனுக்கு வேறு காகிதம் ஏது?

பையன் டீ வாங்கிக் கொடுத்தான். நான் ஆரம்பிப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"மாமா, எஸ்.பி.பி. இன்ஜினீயரிங்கை விடலையா? அவங்க அம்மாவும் உங்க அக்கா மாதிரி அழுதிருந்தா நமக்கு எஸ்.பி.பி. கிடைச்சிருப்பாரா?"

"இரு இரு. அனந்தபூர்ல இன்ஜினீயரிங் சேர்ந்தார், டைபாய்டு வந்து விட்டார். ஆனா அதோட விட்டாரா? மெட்ராஸ் வந்து ஏ.எம்.ஐ.இ. சேர்ந்தார். ஒரு பக்கம் படிப்பு, இன்னொரு பக்கம் மெல்லிசைக் குழு. அந்தக் குழுவுல இளையராஜா இருந்தார், கங்கை அமரன் இருந்தார். 1966-ல தெலுங்குல முதல் சினிமாப் பாட்டு. 1969-ல 'அடிமைப்பெண்'. ஒரு கையில புஸ்தகம், ஒரு கையில மைக். எதையும் தூக்கி எறிஞ்சிட்டு வரலைடா."

பையன் யோசித்தான். நான் சூட்டோடு சூடாகச் சலானைப் புரட்டினேன்.

"உன்னிகிருஷ்ணன். பாரி கம்பெனியில அதிகாரியா ஏழு வருஷம் வேலை பார்த்துக்கிட்டே கச்சேரி பண்ணினார். 1994-ல சினிமாவுக்குப் பாட வந்தார். அந்த வருஷப் பாட்டுக்கே தேசிய விருது. சஞ்சய் சுப்ரமணியன் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் படிச்சவர். 2015-ல மியூசிக் அகாடமியில சங்கீத கலாநிதி."

"ரெண்டு பேரும் இப்ப முழுநேரம் பாட்டுதானே மாமா?"

வாஸ்தவம்தான். அடுத்த பெயருக்குத் தாவினேன்.

"சரி, கடைசிவரை ரெண்டையும் விடாத ஆளைச் சொல்றேன். போரோடின். ரஷ்யாக்காரர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவ அகாடமியில கெமிஸ்ட்ரி புரொபசர். பகல் பூரா லேப். உடம்பு சரியில்லாம வீட்டுல படுத்தாத்தான் இசை எழுத நேரம் கிடைக்கும். அதனால அவரோட இசைக்கார நண்பர்கள் எல்லாம், இவருக்கு எப்படா ஜலதோஷம் பிடிக்கும்னு வேண்டிக்குவாங்களாம். அப்படி எழுதினதுதான் 'பிரின்ஸ் இகோர்'னு ஒரு இசை நாடகம். உலகம் பூரா இன்னிக்கும் போடறாங்க."

"எப்ப எழுதினார்?"

"1869-ல ஆரம்பிச்சார்."

"எப்ப முடிச்சார்?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். போரோடின் முடிக்கவில்லை. பதினெட்டு வருஷம் விட்டு விட்டு எழுதி, 1887-ல் ஒரு விருந்தில் திடீரென்று விழுந்து இறந்துபோனார். வயது 53. ரிம்ஸ்கி-கோர்சகோவ், கிளாசுனோவ் என்ற இரண்டு பேர் மிச்சத்தைச் சேர்த்து எழுதி 1890-ல் மேடையேற்றினார்கள்.

"அதாவது மாமா, தன்னோட நாடகத்தை மேடையில பார்க்காமலே போய்ட்டார். எனக்கு இந்த உதாரணத்தைத்தான் சொல்ல வந்தீங்களா?"

டீ ஆறிவிட்டது. இன்னொரு டீ சொன்னேன்.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்திக்கொண்டே இசை எழுதிய சார்லஸ் ஐவ்ஸும் என் சலானில் இருந்தார். ஆனால் அவருடைய மூன்றாவது சிம்பனி, எழுதி முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1946-ல்தான் முதல் தடவையாக மேடையேறியது. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தபோது அவருக்கு எழுபத்திரண்டு வயது. இதையும் சொன்னால் பையன் அங்கேயே பேப்பர் போட்டுவிடுவான். ஐவ்ஸைச் சலானோடு மடித்து உள்ளே வைத்தேன்.

*

இப்போது அவன் முறை.

"பிலிப் கிளாஸ் தெரியுமா மாமா? நியூயார்க்ல இசையமைப்பாளர். 1976-ல மெட்ரோபாலிடன் ஆபரா அரங்கத்துல அவரோட இசை நாடகம். உட்கார இடம் இல்லை. அது முடிஞ்சப்புறமும் டாக்ஸி ஓட்டினார். அதுக்கு முன்னாடி பிளம்பர் வேலை. நாற்பது வயசு தாண்டித்தான் முழுநேரம் இசையில வாழ முடிஞ்சுது."

"பார்த்தியா! நீயே எனக்குப் பாயின்ட் எடுத்துக் கொடுக்கறே! அவரும் வேலை பார்த்துக்கிட்டேதானே..."

"அது டாக்ஸி மாமா" என்றான் பையன். "ராத்திரி வண்டியைக் கொண்டுபோய் விட்டுட்டா, டாக்ஸி கூடவே வீட்டுக்கு வராது. என் வேலை வருது."

அவன் சொல்லி முடிக்கவும், மேஜை மேலிருந்த போன் அதிர்ந்தது. பார்த்தான், கவிழ்த்து வைத்தான். திரும்ப அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை மணி ஐந்து.

"ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்காக்காரன் கால். பதினொண்ணுக்கு முடியும். அப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாசிக்க உட்காருவேன். விரல் ஓடும், காது ஓடாது. ஸ்கேல் வாசிக்கறேனா டைப் அடிக்கறேனான்னு எனக்கே தெரியாது. ரெண்டு ரிகர்சலுக்குப் போகலை. மூணாவது தடவை அவங்க கூப்பிடவே இல்லை."

கடைசி வாக்கியம் என்னை எங்கோ குத்தியது. அதை அப்புறம் சொல்கிறேன்.

என்னிடம் ஒரே ஒரு துருப்புச்சீட்டு பாக்கி இருந்தது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர்.

"பண்டிதர் முதல்ல ஸ்கூல் வாத்தியார்டா. அப்புறம் சித்த வைத்தியம். மருந்து தயாரிச்சு வித்து நல்லா சம்பாதிச்சார். அந்தக் காசை என்ன பண்ணினார் தெரியுமா? 1912-ல தஞ்சாவூர்ல சங்கீதத்துக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சார். வித்வான்களைக் கூப்பிட்டு சொந்தச் செலவுல மாநாடு போட்டார். 1917-ல 'கருணாமிர்த சாகரம்'னு தலையணை சைஸுக்கு ஒரு இசை நூல் போட்டார். ஸ்பான்சர் யாரு? அவரோட வைத்தியம்! வேலை இசைக்கு எதிரியா இருக்கணும்னு அவசியம் இல்லை. படியளக்கற முதலாளியாவும் இருக்கலாம்."

இது கொஞ்சம் வேலை செய்தது. பையன் தலையாட்டினான். அந்தச் சந்தில் நுழைந்து, நான் வந்த விஷயத்தைக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு மாப்ளே. நீ மியூசிக்கைத் தேடிப் போறியா? இல்லே, மானேஜர்கிட்டேயிருந்து தப்பிச்சு ஓடறியா?"

கொஞ்ச நேரம் கீபோர்டைப் பார்த்தான். "ரெண்டும்தான்" என்றான்.

நேர்மையான பதில். எனக்கு அவனை அப்போதுதான் ரொம்பப் பிடித்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. பையன் சாவகாசமாகக் கேட்டான்.

"நீங்க ஏன் மாமா விட்டீங்க?"

"வேலை கிடைச்சுது, விட்டேன்."

"பாங்க் எத்தனை மணிக்கு விடும்?"

*

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கணக்குப் போட்டேன். தொழில் புத்தி.

பாங்க் பத்து மணி முதல் ஐந்து மணி. ("டேலி ஆகாத நாள்ல ராத்திரி ஒன்பது வரைக்கும் நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமா?" என்று சக ஊழியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் பட்டவன்தான். இயர் எண்டிங், ஆடிட் எல்லாம் கழித்துவிட்டே சொல்கிறேன்.) ஆறு மணிக்கு வீடு. பத்தரைக்குப் படுக்கை. நடுவில் நாலரை மணி நேரம். அதில் தினம் ஒரே ஒரு மணி நேரம் பாங்கோஸுக்கு என்று ஒதுக்கியிருந்தால்? வருஷத்துக்கு 365. முப்பது வருஷம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 10,950 மணி நேரம். வட்டி சேர்க்காமல்.

அந்த 10,950 மணி நேரமும் எங்கே போயிற்று?

சீரியல் பார்த்தேன். தோற்கப்போகிறது என்று நன்றாகத் தெரிந்த கிரிக்கெட் மாட்சைக் கடைசி பந்து வரை பார்த்தேன். ஒரே பேப்பரைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை படித்தேன். பாக்கி நேரம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதே சுகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை 'குடும்பத்துக்காகத் தியாகம் பண்ணினேன்' என்ற கணக்குத் தலைப்பில் இத்தனை வருஷமாக எழுதி வைத்திருந்தேன் பாருங்கள், அது ஃபோர்ஜரி. எந்த ஆடிட்டரும் பிடிக்காத ஃபோர்ஜரி. அக்கா பையன் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டான்.

ராமநாதபுரம் போன புதிதில் குழுத் தலைவரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஆடி மாதம் வரிசையாகக் கோயில் கச்சேரி இருக்கிறது, இரண்டு நாளாவது லீவு போட்டு வா என்று எழுதியிருந்தார். 'புரொபேஷன் முடியட்டும் அண்ணே' என்று பதில் போட்டேன். அடுத்த வருஷம் இன்னொரு கார்டு. 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும் அண்ணே.'

மூன்றாவது கார்டு வரவில்லை.

தங்கைக்குக் கல்யாணம் முடிந்தது. எனக்கும் முடிந்தது. வீட்டு லோன் முடியட்டும், பெண் ப்ளஸ் டூ முடியட்டும் என்று நான் மட்டும் வராத கார்டுகளுக்குப் பதில் போட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் முடிந்தது. இப்போது ரிட்டயர்மென்டும் முடியப் போகிறது. செட்டில் ஆனபிறகு வாசிக்கலாம் என்று இருந்தேன். எங்கள் பாங்க்கில் செட்டில்மென்ட் என்றால் கணக்கை மூடுவது என்று அர்த்தம். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

என் வேலை என் இசையை எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு மணி நேரம்தான் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை எடுத்தது அந்த 'முடியட்டும்'.

அதனால்தான் அக்கா பையனுக்கு என்னை உதாரணம் காட்டவும் முடியவில்லை, 'துணிந்து குதி' என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் வேலை டாக்ஸி மாதிரி. ஐந்து மணிக்கு இறங்கிவிடலாம். அப்படியும் நான் வாசிக்கவில்லை. அவன் வேலை ராத்திரி பதினொரு மணி வரை கூடவே வருகிறது. அப்படியும் அவன் வாசிக்கிறான். எங்கள் இருவரில் யார் யாருக்குப் புத்தி சொல்வது?

*

ஆபீஸில் இதைப் படிக்கும் தம்பிகளுக்காக, பையன் எடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். இது அறிவுரை இல்லை. தகவல்.

அவன் பேப்பர் போடவில்லை. இப்போதைக்கு. ராத்திரி கால் இல்லாத புராஜெக்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறான். சம்பள உயர்வு கொஞ்சம் தள்ளிப் போகுமாம். போகட்டும் என்கிறான். சனிக்கிழமைகளில் கச்சேரி, ரிகர்சல், இரண்டில் ஒன்று கட்டாயம். மாதச் செலவு என்ன என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறான். எட்டு மாதச் செலவுக்கான பணம் பாங்க்கில் சேர்ந்ததும் மறுபடி யோசிப்பானாம். (எந்த பாங்க்கில் என்று நான் கேட்கவில்லை. டெபாசிட் கேட்க வந்ததாக நினைத்துவிடுவான்.)

"புராஜெக்ட் மாத்திக் கொடுக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"மார்ச்சுல பேப்பர்" என்றான். இந்தத் தடவை குரலில் கோபம் இல்லை. தேதி இருந்தது.

அக்காவிடம் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறேன். "உன்னை அனுப்பினது வீண் போகலை" என்றாள். மார்ச் வரைக்கும் எனக்கு நல்ல பெயர் உண்டு.

*

போன செவ்வாய்க்கிழமை ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன்.

"இந்த வயசுல என்னங்க சர்க்கஸ்?" என்றாள் மனைவி. பெட்ஷீட்டைப் பிரித்ததும், "இது நம்ம வீட்டுல இருக்கறதே எனக்குத் தெரியாதே" என்றாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. தூசி தும்மலைவிட அந்த வார்த்தைதான் எனக்கு அதிகம் எரிந்தது.

சின்ன மத்தளத்தின் தோல் விரிந்து கிழிந்திருந்தது. பெரியது தப்பித்திருந்தது. நடுவிரலால் ஒரு தட்டு தட்டினேன். முனகலாகத்தான் பேசியது. ஆனாலும் பேசியது.

வாத்தியம் ரிப்பேர் செய்கிற கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பெரியவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல மரம் சார். ரெண்டு பக்கமும் தோல் மாத்திடலாம். யாருக்கு, பேரனுக்கா?"

"எனக்குத்தான்."

கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "எப்ப வேணும்?"

'அவசரமில்லைங்க, மெதுவா முடியட்டும்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், லேசில் போகுமா? கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றேன்.

சனிக்கிழமை ராத்திரி கீபோர்டோடு வீட்டுக்கு வருவதாகப் பையன் சொல்லியிருக்கிறான். கீழ் ஃப்ளாட்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.